மேற்கு வெயிலுக்கு எந்த ஜன்னல், எந்தக் கதவு?

கேள்வி இதுதான்: வீட்டின் முன்பக்கம் மேற்கு பார்த்தது. ஹாலில் சோபாத் துணி ஜன்னல் பக்கம் மட்டும் வெளுத்துவிட்டது. மரத்தரையில் விரிப்பை எடுத்தால் அதன் வடிவம் அப்படியே தெரிகிறது. வாசல் கதவில் பாலிஷ் உரிந்து, கதவே லேசாக வளைந்திருக்கிறது. எல்லாவற்றையும் மாற்றப் போகிறோம். ஜன்னல் சட்டத்துக்கு யுபிவிசி என்ற கெட்டிப் பிளாஸ்டிக் நல்லதா, அலுமினியமா? கறுப்புக் கண்ணாடி போட்டால் போதுமா?

யுபிவிசியா அலுமினியமா என்பதைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். ஜன்னல் மாற்றுகிற எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான், விற்பவர்களும் அங்கிருந்துதான் பேச்சைத் தொடங்குவார்கள். ஆனால் உங்கள் சோபா வெளுத்ததற்கும் ஜன்னல் சட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஜன்னலில் பெரும்பகுதி கண்ணாடி. வெயில் வருவது அதன் வழியாகத்தான். எந்தச் சுவரில் எப்போது வெயில் அடிக்கிறது, அதைக் கண்ணாடிக்கு வெளியிலேயே மறிக்க முடியுமா, முடியாத இடத்தில் என்ன கண்ணாடி போடுவது என்ற வரிசையில் யோசியுங்கள். அதற்கப்புறம் சட்டத்தைப் பற்றிப் பேசலாம். கதவு தனிக் கதை.

முதலில் சேதம் எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். வெயிலோடு புற ஊதாக் கதிர், கண்ணுக்குத் தெரியும் ஒளி, அகச்சிவப்புக் கதிர் மூன்றும் சேர்ந்து வருகின்றன. தரைக்கு வந்துசேரும் ஆற்றலில் புற ஊதாவின் பங்கு ஏறத்தாழ 5 சதவீதம்தான். மீதியை மற்ற இரண்டும் கிட்டத்தட்டப் பாதிப்பாதியாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. அளவில் குறைவாக இருந்தாலும் சாயத்தின் மூலக்கூறுகளை உடைப்பதில் புற ஊதாதான் முதல் ஆள். சாதாரணக் கண்ணாடி அதில் ஒரு பகுதியை மட்டுமே தடுக்கும். தோலைச் சுட்டுச் சிவக்கவைக்கும் புற ஊதா-பி பெரும்பாலும் கண்ணாடியிலேயே நின்றுவிடுகிறது. அலைநீளம் கூடிய புற ஊதா-ஏ தாராளமாக உள்ளே வந்துவிடுகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்தவருக்குத் தோல் எரியாமல் இருக்கலாம், ஆனால் அவர் உட்கார்ந்திருக்கும் துணி வெளுத்துக்கொண்டேதான் இருக்கும்.

இதற்கு நேரான தீர்வு லாமினேட்டட் கண்ணாடி. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பி.வி.பி. என்ற பிளாஸ்டிக் படலத்தை வைத்து ஒட்டியது. கார்களின் முன்கண்ணாடி இந்த வகைதான். உடைந்தாலும் சிதறாது என்பதற்காகப் பலர் இதை வாங்குகிறார்கள். ஆனால் அந்தப் படலம் புற ஊதாவில் 99 சதவீதத்துக்கு மேல் தடுத்துவிடும் என்பது வெயில் வீட்டுக்காரருக்குப் பெரிய லாபம். பார்வைக்குக் கண்ணாடி தெளிவாகவே இருக்கும், வெளிச்சமும் குறையாது.

இங்கே ஒரு விற்பனைப் பேச்சுக்கு மயங்கிவிடக் கூடாது. புற ஊதா 99 சதவீதம் தடைபடுகிறது என்றால் வெளுப்பது 99 சதவீதம் நின்றுவிடும் என்று அர்த்தமில்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளியும், குறிப்பாக நீலமும் ஊதாவும், சாயத்தைத் தின்னும். வெப்பம் அந்த வேலையை வேகப்படுத்தும். அருங்காட்சியகங்களில் பழைய துணிகளையும் நீர்வண்ண ஓவியங்களையும் வைக்கும் அறையில் வெளிச்சம் 50 லக்ஸைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வார்கள். நேரடி வெயில் 1 லட்சம் லக்ஸ் அளவுக்கு வரும். இந்த இடைவெளியை எந்தக் கண்ணாடியாலும் நிரப்ப முடியாது. நல்ல கண்ணாடி வெளுப்பதை வருடக்கணக்கில் தள்ளிப்போடும், அவ்வளவுதான். ‘இனி வெளுக்கவே வெளுக்காது’ என்று எழுதிக் கொடுப்பவரிடம் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். சில தயாரிப்பாளர்களின் விவரத்தாளில், வெறும் புற ஊதா எண்ணுக்குப் பக்கத்திலேயே, 300 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளி முழுவதையும் அதனதன் கெடுதலுக்கு ஏற்ப எடைபோட்ட நிறச்சிதைவு எண் ஒன்றும் இருக்கும். இரண்டு கண்ணாடிகளை ஒப்பிட அதுதான் நேர்மையான எண். எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

அடுத்தது வெப்பம். இதற்கு எஸ்.எச்.ஜி.சி. என்ற எண்ணைக் கேட்க வேண்டும். ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் ஜி-வேல்யூ என்பார்கள். இரண்டையும் அளக்கும் முறையில் சின்ன வித்தியாசம் உண்டு, நமக்கு அது பெரிய விஷயமில்லை. கண்ணாடி மேல் விழும் சூரிய ஆற்றலில் எத்தனை பங்கு வீட்டுக்குள் வெப்பமாக வந்துசேர்கிறது என்பதை 0 முதல் 1 வரையான எண்ணாகச் சொல்வது அது. 6 மி.மீ. தெளிவான ஒற்றைக் கண்ணாடிக்கு 0.8 அளவில் இருக்கும். ஒன்றரைச் சதுர மீட்டர் மேற்கு ஜன்னல், பின்மதியத்தில் சதுர மீட்டருக்கு 600 வாட் வெயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.5, 600, 0.8 மூன்றையும் பெருக்கினால் 720 வாட். அறைக்குள் ஒரு சின்ன மின்சார ஹீட்டரைப் போட்டுவிட்டு அதன் எதிரே ஏசியை ஓடவிடுகிற மாதிரி. அதே ஜன்னலில் 0.3 உள்ள கண்ணாடி இருந்தால் 270 வாட்தான் உள்ளே வரும்.

சரி, கறுப்புக் கண்ணாடிக்கு வருவோம். என் பதில்: வேண்டாம். சாயம் கலந்த கண்ணாடி வெயிலைத் திருப்பி அனுப்புவதில்லை, உறிஞ்சிக்கொள்கிறது. உறிஞ்சியதால் தானே சூடேறி, அந்தச் சூட்டில் ஒரு பங்கை அறைக்குள்ளேயே விடுகிறது. 6 மி.மீ. சாம்பல் நிறக் கண்ணாடி வெளிச்சத்தைப் பாதியாக்கிவிடும். வெப்ப எண்ணோ 0.8-லிருந்து 0.6 பக்கம்தான் இறங்கும். பட்டப்பகலில் விளக்குப் போட்டுக்கொண்டு, வெப்பத்தையும் முக்கால்வாசி வாங்கிக்கொள்வதில் என்ன லாபம்? இன்னொரு தலைவலியும் உண்டு. சூடேறிய கண்ணாடியின் நடுப்பகுதி விரியப் பார்க்கும், சட்டத்துக்குள் மறைந்த ஓரம் குளிர்ச்சியாகவே இருக்கும். சன்ஷேடின் நிழல் பாதிக் கண்ணாடியில் விழுந்தாலோ, ஏசிக் காற்று நேராக அடித்தாலோ இந்த வித்தியாசம் இன்னும் கூடும். பதப்படுத்தாத கண்ணாடி 30, 40 டிகிரி வித்தியாசத்துக்கே விரிசல் விடலாம். ஓரத்திலிருந்து செங்குத்தாகக் கிளம்பி, பிறகு வளைந்து ஓடும் விரிசலைப் பார்த்தால் கல்லடி என்று நினைக்காதீர்கள், பெரும்பாலும் வெயில் செய்த வேலைதான். சாயக் கண்ணாடிதான் வேண்டும் என்றால் டஃபன்டு செய்ததாகவே, அதாவது சூட்டில் பதப்படுத்தியதாகவே வாங்குங்கள். அது 200 டிகிரி அளவு வித்தியாசத்தைக்கூடத் தாங்கும்.

கறுப்புக்குப் பதிலாக நீங்கள் தேட வேண்டியது, வெளிச்சத்தை விட்டு வெப்பத்தை மட்டும் திருப்பியனுப்பும் கண்ணாடி. லோ-ஈ பூச்சு என்று பெயர். கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய வெள்ளிப் படலங்களை, ஒவ்வொன்றும் 10 நானோமீட்டர் கணக்கில், கண்ணாடியின் ஒரு முகத்தில் படியவைப்பார்கள். ஒற்றை, இரட்டை, மூன்று வெள்ளி அடுக்கு என்று வகைகள் உண்டு. நல்ல இரட்டை அல்லது மூன்றடுக்குப் பூச்சுள்ள இரட்டைக் கண்ணாடியில், அதாவது நடுவே அடைத்த இடைவெளி விட்டு இரண்டு தகடுகளைச் சேர்த்ததில், வெளிச்சம் 60 முதல் 70 சதவீதம் வரை வரும், எஸ்.எச்.ஜி.சி. 0.27 முதல் 0.38 வரை இருக்கும். சாம்பல் கண்ணாடியோடு ஒப்பிட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். விவரத்தாளில் வெளிச்ச எண்ணை (60 சதவீதம் என்றால் 0.6) வெப்ப எண்ணால் வகுத்துப் பார்ப்பது என் வழக்கம். 1.25-க்கு மேல் வந்தால் பேச்சைத் தொடரலாம். அந்தச் சாம்பல் கண்ணாடிக்கு 1-கூட வராது.

ஆனால் லோ-ஈ என்ற பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு வாங்காதீர்கள். குளிர்ப் பிரதேசங்களுக்கென்றே செய்யப்படும் லோ-ஈ கண்ணாடி உண்டு. அது வெயிலை உள்ளே விட்டு, அறையின் சூட்டை வெளியே போகவிடாமல் பிடித்துவைக்கும். அதை வெயில் வீட்டில் மாட்டினால் நேர் எதிரான பலன்தான் கிடைக்கும். யு-வேல்யூ என்ற எண்ணைக் காட்டி ‘பாருங்கள், எவ்வளவு குறைவு’ என்று சொல்வதும் இந்தக் குழப்பத்தின் இன்னொரு முகம். யு-வேல்யூ, உள்ளே வெளியே உள்ள காற்றின் வெப்பநிலை வித்தியாசத்தால் கடத்தப்படும் சூட்டைச் சொல்கிறது. ஒற்றைக் கண்ணாடிக்கு 5.7, சாதாரண இரட்டைக் கண்ணாடிக்கு 2.8 அளவு. நேரடி வெயிலைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. உங்கள் மேற்கு ஜன்னலுக்கு எஸ்.எச்.ஜி.சி.தான் முதல் கேள்வி, யு-வேல்யூ இரண்டாவது. கடுங்குளிர்காலம் உள்ள ஊரில் இருப்பவர்கள் மட்டும் இதைச் சுவருக்குச் சுவர் மாற்றி யோசிக்க வேண்டும். குளிர்கால வெயில் நுழையும் பக்கத்தில் அதை விரட்டும் கண்ணாடியைப் போட்டால் அப்புறம் ஹீட்டர் செலவு கையைக் கடிக்கும்.

பூச்சு எந்த முகத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். இரட்டைக் கண்ணாடியில் வெளியிலிருந்து எண்ணினால் நான்கு முகங்கள். வெயிலைத் தடுக்க இரண்டாவது முகத்தில், அதாவது வெளிக் கண்ணாடியின் உட்பக்கத்தில், பூச்சு இருக்க வேண்டும். மாட்டும்போது யாராவது திருப்பி மாட்டிவிட்டால் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கு ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. மாலை மங்கியதும் கண்ணாடிக்கு அருகே ஒரு லைட்டர் சுடரையோ ஃபோன் விளக்கையோ பிடித்துச் சாய்வாகப் பாருங்கள். நான்கு பிம்பங்கள் தெரியும், முகத்துக்கு ஒன்று. மூன்று ஒரே நிறத்தில் இருக்கும், ஒன்று மட்டும் லேசாகச் சிவந்தோ பச்சையாகவோ ஊதாவாகவோ வேறுபட்டுத் தெரியும். அதுதான் பூச்சுள்ள முகம். அறைக்குள் நின்று பிடித்தால் உங்களுக்கு மிக அருகில் தெரியும் பிம்பம் நான்காவது முகம். அங்கிருந்து வெளிநோக்கி எண்ணுங்கள். வேறு நிறம் மூன்றாவது பிம்பத்தில், அதாவது இரண்டாவது முகத்தில், வந்தால் சரியாக மாட்டியிருக்கிறார்கள். எல்லாம் ஒரே நிறம் என்றால் பூச்சே இல்லாத கண்ணாடியை உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள்.

இதோடு ஒன்று. வெள்ளிப் பூச்சு ஈரக்காற்றில் கெட்டுப்போகும், ஆகவே அது இரட்டைக் கண்ணாடியின் அடைத்த இடைவெளிக்குள்தான் இருக்க வேண்டும். ஒற்றைக் கண்ணாடியே போடுகிறவர்களுக்கு, உற்பத்தியின்போதே சுட்டுப் படியவைத்த கடினப் பூச்சு வகை இருக்கிறது. வெயிலைத் தடுப்பதில் அது கொஞ்சம் பின்தங்கியது.

கண்ணாடியைப் பற்றி இவ்வளவு சொன்னாலும், வெளியே விழும் நிழலுக்கு ஈடான கண்ணாடி கிடையாது. கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெயிலைத் திரைச்சீலை மறைக்கலாம், ஆனால் வெப்பம் ஏற்கெனவே உள்ளே வந்தாயிற்று. அடர்நிறச் சீலை அதை வாங்கிவைத்துக்கொண்டு அறைக்குள்ளேயே விடும். வெளியே மறித்தால் அந்தப் பேச்சே இல்லை. மேற்கு ஜன்னலுக்கு வெளியே சாய்வாக இறங்கும் துணிக்கூரை போட்டால் கோடையில் முக்கால் பங்கு வெப்பத்தைக்கூடத் தடுக்கலாம்.

ஆனால் மேற்குக்கும் கிழக்குக்கும் வழக்கமான சன்ஷேட் உதவாது. கணக்கு எளிது. சூரியன் ஜன்னலுக்கு நேர் எதிரே 60 டிகிரி உயரத்தில் இருந்தால் 1.2 மீட்டர் உயர ஜன்னலை முழுவதும் நிழலில் வைக்க 70 செ.மீ. நீட்டிய சன்ஷேட் போதும். அதே சூரியன் 30 டிகிரிக்கு இறங்கினால் 2 மீட்டருக்கு மேல் நீட்ட வேண்டும். அஸ்தமனத்தை நெருங்கும்போது எவ்வளவு நீட்டினாலும் அடியில் புகுந்து வந்துவிடும். ஆகவே அந்தப் பக்கங்களுக்குச் செங்குத்தான மறைப்புதான் வேலைசெய்யும்: திறந்து மூடும் பலகைச் சட்டர்கள், வெளிப்புற உருளைத்திரை, சாய்த்து வைக்கக்கூடிய செங்குத்துப் பட்டைகள், இடம் இருந்தால் சற்றுத் தள்ளி ஒரு மரம். மரம் என்றால் உயரமானதைவிடக் கீழிருந்தே அடர்ந்த மரம் மேல், மேற்கு வெயில் தாழ்வாகத்தானே வருகிறது. புதிதாக வீடு கட்டுகிறவர்களாக இருந்தால் மேற்குச் சுவரில் ஜன்னல் பரப்பையே குறைத்துவிடுங்கள் என்பேன்.

கண்ணாடியை இப்போதைக்கு மாற்ற முடியாதவர்களுக்கு, இருக்கிற கண்ணாடி மேலேயே ஒட்டும் ஃபிலிம் இருக்கிறது. நல்ல ஃபிலிம் புற ஊதாவை 99 சதவீதம் வரை நிறுத்தும், வெப்பத்தையும் ஓரளவு குறைக்கும். ஆயுள் கண்ணாடியளவு கிடையாது. ஓரத்தில் குமிழ் விட்டு உரியத் தொடங்கினால் மாற்ற வேண்டியதுதான். ஒட்டுவதற்கு முன் கண்ணாடித் தயாரிப்பாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சாயக் கண்ணாடியிலோ இரட்டைக் கண்ணாடியிலோ உட்புறம் அடர்ந்த ஃபிலிம் ஒட்டினால் மேலே சொன்ன வெப்ப விரிசல் வரலாம், உத்தரவாதமும் போய்விடலாம். முகம் பார்க்கும் கண்ணாடிபோல் பளபளக்கும் ஃபிலிமோ பூச்சோ பகலில் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு உள்ளே எதுவும் தெரியாமல் மறைக்கும். இரவில் உள்ளே விளக்கெரிந்தால் நிலைமை தலைகீழ். தெருவிலிருந்து எல்லாம் தெரியும். பிரதிபலித்த வெயில் எங்கே போய் விழுகிறது என்றும் பாருங்கள். லண்டனில் 20 ஃபென்சர்ச் தெருவில் இருக்கும் உயர்ந்த கட்டடத்தின் குழிந்த கண்ணாடி முகம் 2013-ல் வெயிலைக் குவித்து, கீழே நிறுத்தியிருந்த காரின் பாகங்களை உருக்கிவிட்டது. உங்கள் ஜன்னல் அவ்வளவு செய்யாது. ஆனாலும் பக்கத்து வீட்டுப் பிளாஸ்டிக் பலகைகள் இளகி நெளிந்துபோன சண்டைகள் நடக்கத்தான் செய்கின்றன.

இப்போது சட்டம். யுபிவிசி சூட்டை அதிகம் கடத்தாது, துரு இல்லை, பெயின்ட் வேண்டாம். வெயிலில் அதைக் காப்பாற்றுவது பிளாஸ்டிக்கோடு கலக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடி. அதைக் குறைத்து மலிவான நிரப்பியைக் கூட்டிச் செய்த சட்டம் கொஞ்ச நாளில் மஞ்சளடித்து, மாவு பூத்து, நொறுங்கும். கடையில் புதிதாக இருக்கும்போது இரண்டும் ஒன்றுபோலவே தெரியும் என்பதுதான் சங்கடம். அதனால் தரச் சான்றிதழ் கேளுங்கள். ஐரோப்பியத் தரநிலை ஈ.என். 12608 யுபிவிசி சட்டங்களை மிதமான தட்பவெப்பத்துக்கு எம், கடுமையான வெயிலுக்கு எஸ் என்று பிரிக்கிறது. உங்களுக்கு வேண்டியது எஸ்.

யுபிவிசியில் இன்னொன்று, விரிவு. அலுமினியத்தைவிட மூன்று மடங்கு விரியும். 2 மீட்டர் நீளச் சட்டம் 40 டிகிரி சூடேறினால் ஐந்தரை மி.மீ. அளவு நீளும்; அலுமினியம் 2 மி.மீ.-கூட நீளாது. சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே அந்த இடைவெளியை விட்டு, வளைந்துகொடுக்கும் சீலன்டால் நிரப்ப வேண்டும். சிமென்ட் பூசி இறுக்கிவிட்டால் சட்டம் போக இடமில்லாமல் வில்லாக வளையும். ஜன்னல் பின்மதியத்தில் மட்டும் மூடாமல் அடம்பிடிக்கும். உள்ளே துத்தநாகம் பூசிய இரும்பு வலுவூட்டல் இருக்கிறதா என்றும் பாருங்கள். நிறம் வெள்ளை அல்லது வெளிர்நிறம். கறுப்பும் கரும்பழுப்பும் அழகுதான், ஆனால் நேர்வெயிலில் அடர்நிறப் பரப்பு 70 டிகிரி செல்சியஸைத் தாண்டலாம், யுபிவிசி 75, 80 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். மேற்கில் அடர்நிறம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் அலுமினியத்துக்குப் போய்விடுங்கள்.

அலுமினியத்தை வெயில் ஒன்றும் செய்யாது, அதன் பூச்சைத்தான் செய்யும். பவுடர் கோட்டிங் எல்லாம் ஒரே தரம் கிடையாது. அமெரிக்கத் தரநிலைகளில் ஏ.ஏ.எம்.ஏ. 2603, 2604, 2605 என்று மூன்று படிகள். தென் ஃபுளோரிடாவின் திறந்த வெயிலில் முறையே 1, 5, 10 வருடம் வைத்து நிறமும் பளபளப்பும் எவ்வளவு நிற்கின்றன என்று பார்க்கிறார்கள். நேர்வெயில் சுவருக்கு நடுப்படியாவது வேண்டும். ஏற்கெனவே மாட்டிய ஒரு வீட்டில் சட்டத்தை விரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். விரலில் மாவுபோல ஒட்டினால் அந்தப் பூச்சின் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. அப்புறம், அலுமினியம் சூட்டை வாரிக் கடத்தும் உலோகம். உள்சட்டத்துக்கும் வெளிச்சட்டத்துக்கும் நடுவே பாலிஅமைடு பட்டை வைத்துப் பிரித்த, தெர்மல் பிரேக் உள்ள வகையாக இருந்தால்தான் உட்பக்கம் கை வைக்க முடியும்.

மரச்சட்டம் பிடித்தவர்கள் தாராளமாகப் போடலாம், பராமரிக்க மனமிருந்தால். மரத்துக்குச் சொல்ல வேண்டியதைக் கதவில் சொல்கிறேன்.

எந்தச் சட்டமாக இருந்தாலும் அதிகம் யாரும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டுவையுங்கள்: கண்ணாடியைச் சுற்றி இடைவெளியை அடைக்கும் கேஸ்கெட் பட்டை என்ன ரப்பர்? ஈ.பி.டி.எம். ரப்பர் வெயிலை வருடக்கணக்கில் தாங்கும். மலிவான மென்பிளாஸ்டிக் கேஸ்கெட் சுருங்கி, மூலைகளில் இடைவெளி விட்டு, கடைசியில் கல்லாகிவிடும். அந்த மூலை வழியாகத்தான் மழைத் தண்ணீர் உள்ளே வரும், பழி ஜன்னல் மேல் விழும். இரட்டைக் கண்ணாடியின் ஓரத்தை அடைக்கும் பசையும் இப்படித்தான். அது விட்டுக்கொடுத்தால் நடுவில் ஈரம் புகுந்து பனி படர்ந்ததுபோல் ஆகிவிடும், துடைக்கவும் முடியாது. ஓரம் வெயிலுக்கு வெளிப்படும் அமைப்பாக இருந்தால் சிலிகான் அடைப்பாக இருக்கட்டும்.

கதவுக்கு வருவோம். உங்கள் கதவில் உரிந்திருக்கும் பாலிஷ் சில்லு ஒன்றை மெதுவாகப் பிரித்தெடுத்துத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் மெல்லிய மர நார்கள் ஒட்டியிருக்கும். நடந்தது என்னவென்றால், தெளிவான வார்னிஷ் வழியாக வெயில் உள்ளே போய், மர நார்களைப் பிடித்துவைத்திருக்கும் லிக்னின் என்ற பொருளைச் சிதைத்துவிட்டது. பாலிஷ் நன்றாகத்தான் இருந்தது, அது பிடித்திருந்த மரம்தான் கைவிட்டது. அதனால் இன்னும் விலையுயர்ந்த தெளிவான வார்னிஷை மேலே பூசுவது வீண். வெளுத்த மேல்மரத்தை நல்ல மரம் தெரியும்வரை தேய்த்தெடுத்துவிட்டு, நிறமி கலந்த ஸ்டெயினோ பெயின்ட்டோ பூச வேண்டும். நிறமிதான் மரத்துக்குக் குடை. மரத்தின் வரியோட்டம் தெரிய வேண்டும் என்பவர்கள் ஓரளவு ஒளி புகும் நிறமி ஸ்டெயினைத் தேர்ந்தெடுத்து, மங்கத் தொடங்கும்போதே மறுபூச்சு கொடுத்துவிட வேண்டும். உரியும்வரை காத்திருந்தால் மறுபடி தேய்ப்பிலிருந்து ஆரம்பம்.

வளைவுக்குக் காரணம் இரண்டில் ஒன்று. அதைப் பிரித்தறிய ஒரு நாள் போதும். காலையில் சுலபமாகப் பூட்டும் கதவு பின்மதியத்தில் மட்டும் பூட்டு இறுகி, இரவில் மறுபடி சரியானால் அது வெப்ப வளைவு: வெளிமுகம் சூட்டில் விரிகிறது, உள்முகம் அப்படியே இருக்கிறது. இரும்புத் தகடு போர்த்திய கதவுகளிலும் பிளாஸ்டிக் முகக் கதவுகளிலும் இது சகஜம். வெளிர்நிறப் பெயின்ட்டுக்கு மாற்றினாலே நிறையக் குறையும். நாள் முழுதும் ஒரே வளைவு என்றால் அது ஈரத்தின் வேலை. வெயில் பட்ட முகம் காய்ந்து சுருங்கியிருக்கும், உள்முகம் ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும். மரக்கதவில் பெரும்பாலும் இதுதான்.

இதைத் தவிர்க்கச் செய்ய வேண்டியது ரொம்பச் சின்னது, பெரும்பாலான கதவுகளில் விட்டுப்போவதும் அதுதான்: மேல் விளிம்புக்கும் அடி விளிம்புக்கும் பூச்சு. கதவை மாட்டிய பிறகு பெயின்ட் அடிப்பவர் முன்னும் பின்னும் அழகாக அடித்துவிட்டுப் போய்விடுவார். மர நாரின் வெட்டுமுனைகள் தெரியும் மேல் விளிம்பும் அடி விளிம்பும் பூச்சே இல்லாமல் இருக்கும், ஈரம் போய்வருவது அதன் வழியாகத்தான். முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்றைக் கதவுக்கு அடியில் நீட்டிப் பார்த்தால் உங்கள் கதவின் கதை தெரிந்துவிடும். மாட்டுவதற்கு முன்பே ஆறு பக்கமும் பூச்சு ஆகியிருக்க வேண்டும் என்று தச்சரிடமே சொல்லிவிடுங்கள்.

புதிய கதவு மரம்தான் என்றால் ஒரே அகலப் பலகையாக வேண்டாம், சட்டமும் பேனலும் உள்ள அமைப்பு நல்லது. பேனல் பள்ளத்துக்குள் ஒட்டப்படாமல் மிதந்து நிற்கும், சுருங்கி விரிய இடமிருக்கும். பேனலைப் பொருத்துவதற்கு முன்பே அதன் ஓரங்களுக்கும் நிறம் பூசச் சொல்லுங்கள், இல்லையென்றால் வறண்ட காலத்தில் சுருங்கும்போது விளிம்பில் வெளிர்க்கோடு தெரியும். இருபுறமும் தட்டையான பலகை ஒட்டிய ஃபிளஷ் கதவை நேர்வெயிலுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். போட்டே ஆக வேண்டும் என்றால் வெளிப்புறத் தரப் பசையால் ஒட்டிய, உள்ளே முழுதும் நிரம்பிய வகை. மரத்தோற்றம் வேண்டும், பராமரிப்பு வேண்டாம் என்பவர்களுக்கு ஃபைபர்கிளாஸ் கதவு பொருந்தும். ஈரத்தில் வளையாது; மேற்பூச்சை மட்டும் சில வருடங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருக்கும். உயரமான கதவுக்குக் குறைந்தது மூன்று கீல் இருக்கட்டும். பல இடங்களில் பூட்டும் பூட்டு இருந்தால் லேசான வளைவை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். முன்னால் இன்னொரு கண்ணாடிக் கதவை மாட்டிப் பாதுகாக்கலாம் என்ற எண்ணம் வந்தால் விட்டுவிடுங்கள். இரண்டுக்கும் நடுவே சூடு அடைபட்டு, உள்கதவின் பூச்சும் பிளாஸ்டிக் விளிம்புகளும் கெடும்.

உங்கள் வீட்டுக்கு என்ன போடலாம் என்று கேட்டால்: ஹாலின் மேற்கு ஜன்னலுக்கு வெளியே திறந்து மூடும் மறைப்பு, இரட்டைக் கண்ணாடி, வெளித்தகட்டின் உட்பக்கம் வெயிலைத் தடுக்கும் லோ-ஈ பூச்சு, உள்தகடு லாமினேட்டட், எஸ்.எச்.ஜி.சி. 0.3-ஐ ஒட்டி. சட்டம் வெள்ளை யுபிவிசி அல்லது தெர்மல் பிரேக் அலுமினியம், எது உங்கள் ஊரில் நன்றாகப் பொருத்தித் தருவார்களோ அது. மற்ற சுவர்களுக்கு இவ்வளவு வேண்டியதில்லை. ஒரே வகைக் கண்ணாடியை வீடு முழுதும் போடச் சொல்வார்கள், கேட்காதீர்கள். கதவு வெளிர்நிறப் பெயின்ட் அடித்த பேனல் மரம் அல்லது ஃபைபர்கிளாஸ், மேலே வாசலுக்கு ஆழமான நிழல். எண்களை வாங்கும்போது அவை கண்ணாடிக்கு மட்டுமா, சட்டத்தோடு சேர்த்த முழு ஜன்னலுக்கா என்று கேட்டு ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒருவர் ஒன்றையும் இன்னொருவர் மற்றதையும் சொன்னால் ஒப்பிடவே முடியாது.

ஜன்னல் வந்து இறங்கியதும், சட்டத்தின் மேல் ஒட்டியிருக்கும் பாதுகாப்பு டேப்பை வேலை முடிந்த கையோடு உரித்துவிடுங்கள். கீறல் படாமல் இருக்கட்டுமே என்று மாதக்கணக்கில் விட்டுவைத்தால், வெயிலில் அந்தப் பசை வெந்து சட்டத்தோடு ஒன்றாகிவிடும்; அப்புறம் நகத்தால் சுரண்டினாலும் துண்டு துண்டாகத்தான் வரும்.